கலஹா வீதியின் இரு முனைகள்

கண்டியிலிருந்து பேராதனைக்கு வந்து, கலஹா சந்தி என்று வழங்கும் இடத்தில் திரும்புகிற பஸ் வண்டி முதலில் நுழைவது சரஸ்வதியின் சந்நிதானத்திற்குள். 1952ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து இடம் மாறி வந்த சர்வகலாசாலையின் பெரிய மரங்களும், கருங்கல் தூண் மண்டபங்களும், மகாவலியின் ஓரமாக விரிந்து கிடக்கும் புல்வெளிகளும் பிரயாணியின் கண்ணுக்குச் சற்று நேரம் விருந்தளித்துவிட்டு ஹிந்தகலையோடு பின்தங்கிவிட, அதன்பின் வீதி குறுகி, வளைவுகள் பெருகி, ஹந்தானை மலைகளின் புறமுதுகில் வண்டி மூச்சிரைத்து ஏறத் தொடங்குகிறது. குளிர் தட்டுகிறது, தேயிலை வருகிறது, தேயிலைக்குப் பின்னால் வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் வருகின்றன. கலஹாக் கடைவீதியைத் தாண்டித் தெல்தோட்டைப் பக்கமாக மேலும் சென்றால், 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டு இத்தீவின் வர்த்தகத் தேயிலைக்கு அடிகோலிய லூல்கந்துர தோட்டம் இருக்கிறது.

ஆக, ஒரே வீதியின் ஒரு முனையில் இலங்கையின் உயர்கல்வியும் மறு முனையில் இலங்கையின் தேயிலையும் இருக்கின்றன. இடையிலுள்ள தூரத்தை பஸ்ஸில் கடக்கப் பொறுமையுள்ளவனுக்கு ஒரு காலைப்பொழுது போதும். ஆயினும் கீழ்முனையில் சமூக நீதியைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுள் எத்தனை பேர், தாங்கள் பருகும் தேநீரின் பொருட்டு விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, பாலுண்ணும் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, மலையேறும் ஒரு பெண்ணின் பிரஜாவுரிமை என்னவாயிற்று என்று விசாரித்திருப்பார்கள் என்று எண்ணும்போது, அந்தத் தூரம் அத்தனை சிறிதாகத் தோன்றவில்லை. இந்தத் தூரத்தை அளப்பதையும், அளந்தபின் அதைக் குறைக்கப் பிரயத்தனப்படுவதையும் தம்முடைய துறவறமாகக் கொண்ட ஒருவர் கண்டியிலே நம் காலத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் அருட்தந்தை போல் காஸ்பர்ஸ். இயேசு சபையைச் சேர்ந்த குருவானவர். 1925இல் பிறந்து, தொண்ணூறு பிராயத்தைக் கடந்து, 2017இல் மறைந்தார்.

காஸ்பர்ஸ் என்பது பறங்கியர் மரபில் வரும் பெயர். சிங்களவரும் தமிழரும் தத்தம் பெரியோர்களின் பெயர்களைச் சொல்லிப் பெருமை கொண்டாடுகிற தேசத்தில், இரு சாராரும் தம்முடையது என்று உரிமை பேச முடியாத பெயரோடு ஒருவர் இருப்பது ஒரு விதத்தில் அநாதரவு, வேறொரு விதத்தில் பாக்கியம். அவர் அதை இரண்டாவது விதமாகவே பயன்படுத்தினார் என்பது என் அபிப்பிராயம்.

கண்டிக்கும் இயேசு சபையாருக்கும் உள்ள தொடர்பு நெடுங்காலத்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சுதேசக் குருமாரைப் பயிற்றுவிக்கவென்று 1893ஆம் ஆண்டில் அம்பிட்டியாவில் தொடங்கப்பட்ட பாப்பரசர் குருமடத்தை, அது 1955இல் புனேக்கு இடம்மாறும்வரை நடத்தியவர்கள் அவர்களே. தர்க்கமும் இறையியலும் இலத்தீனும் அங்கே செவ்வையாகப் போதிக்கப்பட்டன. குருமடத்துச் சாளரங்களுக்கு அப்பால் தெரிந்த மலைகளில் வசித்த ஜனங்களைப் பற்றித் திருச்சபை ஓர் ஆத்மார்த்தமான கவலைக்கு மேல் வேறு கவலை கொண்டிருந்ததாகச் சொல்ல முடியாது. தோட்டத்துக் கோயிலில் பூசை வைக்கச் சுவாமியார் வருவார், துரை பங்களாவில் தேநீர் அருந்துவார், திரும்புவார். விதிவிலக்கானவர்கள் எங்கும் உண்டு, இங்கும் உண்டு. ஆனால் விதி இதுதான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடிக் கலைந்தபின் இந்த விதியைக் குலைக்க முன்வந்தவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் கண்டி மேற்றிராணியார் லியோ நாணயக்கார. பெனடிக்ற் சபைத் துறவியான அவர் 1959 முதல் கண்டி மறைமாவட்டத்தை ஆண்டு வந்தார். 1972இன் இறுதியில் பதுளையில் புதிய மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது, பெருமையும் வசதியும் பொருந்திய கண்டி ஆசனத்தைத் துறந்து, வறுமையும் மலையுமே சொத்தாக இருந்த பதுளைக்குத் தாமே விரும்பிச் சென்றார். ஆசனத்தைத் துறந்து காட்டுக்குப் போன அரசகுமாரர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. அவர் கண்டியைவிட்டுப் போவதற்குமுன், அதே 1972இல், காஸ்பர்ஸ் அடிகளாரோடு சேர்ந்து ஆரம்பித்து வைத்ததுதான் ‘சத்தியோதய’ என்னும் நிலையம்.

அது எப்பேர்ப்பட்ட காலம் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். முந்திய ஆண்டு, 1971 ஏப்ரலில், சிங்களக் கிராமத்து வாலிபர்கள் ஆயுதமேந்தி எழுந்து, ஆயிரக்கணக்கில் மாண்டும் சிறைப்பட்டும் போயிருந்தார்கள். அந்தக் கிளர்ச்சியின் தீ பேராதனை மாணவர் விடுதிகளையும் எட்டியிருந்தது. அந்தக் கிளர்ச்சிக்காரரின் அரசியல் வகுப்புகளில் மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளி சக தொழிலாளியாக அல்ல, இந்திய விஸ்தரிப்பு வாதத்தின் கருவியாகவே சித்திரிக்கப்பட்டான் என்பது ஒரு விசித்திரம். புரட்சி பேசியவர்களுக்கும் அவன் அந்நியன். ஆட்சி புரிந்தவர்களுக்கும் அவன் அந்நியன். அத்தகைய வேளையில் சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஒரே கூரையின்கீழ் வசித்து, ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டு, சமூக ஆராய்ச்சியும் சந்திப்பும் தங்கள் தொழில் என்று கூறிக்கொண்ட ஒரு சிறு குழாம் கண்டி நகரிலே தோன்றியது. ‘சத்தியத்தின் உதயம்’ என்ற பெயர் சிங்களவருக்கும் தமிழருக்கும் அகராதியின் துணையின்றி விளங்கும் பெயர். இரு பாஷைகளுக்கும் பொதுவான வடமொழிச் சொல்லை எடுத்துக்கொண்ட சாதுரியத்தை நான் வியப்பதுண்டு. பொதுவில் நமக்குள்ளவற்றை எண்ணிப் பார்ப்பதற்கு அவ்வளவு சிறிய ஆரம்பமும் போதும்.

‘ஆராய்ச்சி’ என்பதைவிட ‘சந்திப்பு’ என்ற சொல்லே அந்த நிலையத்தின் ஜீவநாடி என்று கருதுகிறேன். தோட்ட மக்களைப் பற்றி எழுதியவர்கள் அதற்கு முன்னும் இருந்தார்கள். கோ. நடேசய்யர் எழுதினார், ஸி. வி. வேலுப்பிள்ளை எழுதினார், அவர்கள் மலைநாட்டு ஜனங்களின் பக்கம் நின்று பேசிய குரல்கள். கிராமத்துச் சிங்கள விவசாயிக்கும் லயத்துத் தமிழ்த் தொழிலாளிக்கும் நடுவே போடப்பட்டிருந்த வேலியில் ஒரு படலை வைக்க வேண்டும், இருவரும் ஒருவர் வறுமையை ஒருவர் கண்ணால் காண வேண்டும் என்பது காஸ்பர்ஸின் திட்டம். பெருந்தோட்டம் கண்டியக் கிராமத்தானின் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கியது என்பது உண்மை; அந்தத் தோட்டத்தில் உழைத்தவன் விழுங்கியவனல்ல என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிந்தவர்கள் அக்காலத்தில் மிகச் சிலர். முதலாவதை மட்டும் சொன்னவர்களுக்கு வாக்குகள் கிடைத்தன.

வாக்கு என்றவுடன் ஒரு பழைய கணக்கைத் திறக்க வேண்டியிருக்கிறது. 1947இல் நடந்த பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மறு ஆண்டு, சுதந்திரத்தின் மஞ்சள் நீர் காயுமுன், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தவர்கள் என்று நிரூபிக்கச் சொன்னால், மன்னார்க் காட்டு வழியே நடந்துவந்து, வழியில் செத்தவர்களைப் புதைத்துவிட்டு, மிஞ்சியவர்கள் கோப்பிக் காட்டில் குடியேறிய ஒரு பரம்பரை எந்தப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் காட்டும்? 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது போலத் தோன்றியது. 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயரால் விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. அதே ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜையல்லாதவனுக்கு வாக்கில்லை என்றது. பிறகு 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 9 லட்சத்து 75 ஆயிரம் மனிதர்கள் கூறு போடப்பட்டார்கள்: 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதி ஒன்றரை லட்சம் பின்னர் பேசித் தீர்க்க, 1974இல் அதையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேங்காயை உடைப்பதில்கூட நாம் இத்தனை நேர்த்தி காட்டுவதில்லை.

இந்தப் பின்னணியோடுதான் 1972இன் காணிச் சீர்திருத்தத்தைப் பார்க்க வேண்டும். தனிநபர் 50 ஏக்கருக்கு மேல் காணி வைத்திருக்கலாகாது என்ற சட்டம் நியாயமானது. காஸ்பர்ஸைப் போன்ற ஒரு சமத்துவவாதி அதன் உத்தேசத்தைக் குறைகூறக் காரணமில்லை. ஆனால் சீர்திருத்தம் கண்டி மாவட்டத்துத் தோட்டங்களில் இறங்கியபோது நடந்தது வேறு. உடைமைகள் கை மாறின. புதிய நிர்வாகங்கள் வந்தன. பிரஜாவுரிமை இல்லாதவனுக்குச் சீர்திருத்தத்தில் பங்கில்லையாதலால், மூன்று தலைமுறையாக அந்த மண்ணைக் கொத்தியவன் அதிலிருந்து வெளியேற்றப்பட்டான். 1973லும் 1974லும் உணவுத் தட்டுப்பாடு வேறு சேர்ந்துகொண்டது. கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் குறைந்தபோது, கிராமத்தவனுக்கு ஒரு பலாமரமாவது நிழல் தந்தது. லயத்துக்காரனுக்குக் கொல்லையிலும் தேயிலை, வாசலிலும் தேயிலை. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. கண்டியிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் கடை வாசல்களில் குடும்பம் குடும்பமாகத் தோட்டத்து ஜனங்கள் கையேந்தி நின்றதை அந்நாளைய நகரவாசிகள் கண்டார்கள். கண்டவர்கள் எல்லோருக்கும் கண் கலங்கியிருக்கும். சத்தியோதயத்தார் கலங்கியதோடு நில்லாமல் எழுதி வைத்தார்கள், விசாரித்தார்கள், வெளியுலகுக்குச் சொன்னார்கள். எழுபதுகளின் நடுப்பகுதியில், தோட்ட மக்களுக்காக ஆங்காங்கே உழைத்த குழுக்களையும் குருமாரையும் ஊழியர்களையும் ஒன்றிணைக்கத் தோட்டப் பிரதேசங்களுக்கான இணைப்புச் செயலகம் ஒன்றும் கண்டியில் உருவாயிற்று; அதன் பின்னும் காஸ்பர்ஸின் கை இருந்தது.

நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். தர்மம் செய்வது எளிது, கணக்கெடுப்பது கடினம். பசித்தவனுக்குச் சோறிடுகிற பாதிரியாரைத் துரைமாரும் மந்திரிமாரும் சந்தோஷமாகப் புகைப்படமெடுத்துக்கொள்வார்கள். அவன் ஏன் பசித்தான் என்று கேட்டுத் தோட்டத்தின் பெயரையும் மாதத்தையும் குறித்துக்கொள்கிற பாதிரியார் அத்தனை விரும்பத்தக்க விருந்தாளி அல்லர். இயேசு சபையின் பொதுப் பேரவை, விசுவாசத்தின் ஊழியமும் நீதியின் மேம்பாடும் பிரிக்கவொண்ணாதவை என்று தீர்மானித்தது 1975இல். கண்டியில் அது மூன்று வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது.

இதற்கிடையே மற்றொரு வீதியிலும் பிரயாணம் நடந்துகொண்டிருந்தது. இது இரும்பு வீதி. ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கணக்கெழுதப்பட்டவர்கள் சட்டி பெட்டிகளோடு மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் குழுமினார்கள். வண்டி நகரும்போது உள்ளிருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் மாரடித்து அழுததால் அதற்கு ஜனங்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வைத்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து, கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடியும் தேயிலைக் காட்டிலே கூலிக்குச் சேர்ந்தவர்கள் பலர். அங்கே அவர்களுக்குச் ‘சிலோன்காரர்’ என்று பெயர், இங்கே ‘இந்தியாக்காரர்’. 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 11 லட்சத்துக்கு மேல் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர் தொகை 1981இல் 8 லட்சத்து 18 ஆயிரமாகச் சுருங்கியிருந்தது.

இருந்தவர்களுக்கும் அமைதியில்லை. 1977 மே மாதத்தில், தலவாக்கலைப் பக்கத்து டெவன் தோட்டத்தில், காணியைத் துண்டாடி வெளியாருக்குக் கொடுப்பதைத் தொழிலாளர் எதிர்த்து நின்றபோது பொலிஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் சிவனு இலட்சுமணன் என்ற இளைஞன் வீழ்ந்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் நாடெங்கும் கலவரம். யாழ்ப்பாணத்து அரசியலில் ஒரு பங்கும் கேளாத தோட்ட மக்கள், அதற்குத் தண்டனையாக லயங்களில் தாக்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் ஓடினார்கள்.

இங்கேதான் காஸ்பர்ஸின் ஜீவியத்தில் ஒரு திருப்பம் வருகிறது என்று சொல்லலாம். மலைநாட்டுத் தொழிலாளி படும் பாடு கூலியினால் மாத்திரம் வருவதன்று, அவன் தமிழன் என்பதனாலும் வருவது. ஆகையால் இனப்பிரச்சினை முழுவதையும் நேருக்குநேர் நோக்காமல் தோட்டப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது என்ற நிலைக்கு அவர் வந்து சேர்ந்தார். 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. யாழ்ப்பாணத்தில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. பிரிகேடியர் வீரதுங்கவுக்கு ஆண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தைத் துடைத்தெறியும்படி ஆணை கிடைத்தது. கைதான வாலிபர் சிலர் பிணமாகப் பண்ணைப் பாலத்தருகே கிடந்தார்கள். அந்த ஆண்டிலேயே, இடதுசாரிகளும் கிறிஸ்தவ மதத்தலைவர்களும் புத்திஜீவிகளும் கூடி, ‘இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கியபோது, அதன் தலைவராக அமர்ந்தவர் காஸ்பர்ஸ் அடிகள். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தமிழர் அதை ‘மேர்ஜ்’ என்று சுருக்கி அழைத்தார்கள். தெற்கிலிருந்து ஒரு குழு யாழ்ப்பாணம் சென்று அவசரகாலத்தில் நிகழ்ந்தவற்றை விசாரித்து அறிக்கையாக வெளியிட்டது மேர்ஜ் செய்த ஆரம்பக் காரியங்களுள் ஒன்று. தென்னிலங்கையில் அந்த நாட்களில் அப்படியொரு அறிக்கையை அச்சிடுவது தேசத்துரோகம் என்ற பட்டத்தை விலைக்கு வாங்குவதற்குச் சமானம்.

அவர் தனிமரமல்லர். குருநாகல் அங்கிலிக்கன் மேற்றிராணியார் லக்ஷ்மன் விக்கிரமசிங்க சிவில் உரிமைகள் இயக்கத்தின் தலைவராக இருந்தவர்; 1983 ஜூலைக் கலவரத்தின்போது இங்கிலாந்தில் ஓய்விலிருந்தவர் செய்தி கேட்டுத் திரும்பி வந்து, யாழ்ப்பாணத்தையும் அகதிகளையும் கண்டு, சிங்களவர் என்ற முறையில் தம் இனத்தவரின் குற்றத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மனம் வெதும்பி எழுதினார்; அவ்வாண்டு அக்டோபரிலேயே இருதயம் நின்று இறந்தார். லியோ நாணயக்கார அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். அவர் பதுளையில் இட்ட நாற்றங்காலில் உழைத்தவருள் ஒருவரான மைக்கேல் ரொட்ரிகோ அடிகள், 1987இல், புத்தலப் பக்கத்துக் கிராமமொன்றில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்கள் ஒவ்வொருவரும் தனிக் கட்டுரைக்கு உரியவர்கள். நம் நாட்டில் மார்ட்டின் லூதர் கிங்கின் படம் இல்லாத கிறிஸ்தவ வாசகசாலை குறைவு. இவர்கள் படம் உள்ள வாசகசாலை அதனினும் குறைவு.

மேர்ஜ் ஜனத்திரளான இயக்கமாக வளரவில்லை என்பதை மறைப்பதில் பயனில்லை. அது கட்டுரைகளின், கருத்தரங்குகளின், துண்டுப் பிரசுரங்களின் இயக்கமாகவே பெரும்பாலும் இருந்தது. கலவரக்காரன் வாசிக்கும் பிரசுரம் எதுவும் இன்னும் அச்சாகவில்லை அல்லவா? எனினும் அதன் அச்சுக்கூடம் நமக்குத் தந்த ஒரு கொடையைத் தமிழ் வாசகன் மறக்கலாகாது. 1990இலிருந்து ஒரு தசாப்தத்துக்கு மேலாகக் கொழும்பிலிருந்து வெளிவந்த ‘சரிநிகர்’ பத்திரிகை மேர்ஜின் வெளியீடு. பாரதியின் வாக்கிலிருந்து பெயர் பூண்ட அந்தப் பத்திரிகை, அரசாங்கத்தையும் புலிகளையும் ஒருசேரக் கேள்வி கேட்டது. மலையகத்தையும் முஸ்லிம்களையும் பெண்களையும் பற்றி வேறு தமிழ்ப் பத்திரிகைகள் பேசத் தயங்கியதைப் பேசியது. அதற்குச் சகோதரமாகச் சிங்களத்தில் ‘யுக்திய’ வந்தது. அந்தப் பக்கங்களில் எழுதக் கற்றவர்கள் இன்று பல தேசங்களில் சிதறியிருக்கிறார்கள்.

பிரஜாவுரிமைக் கணக்கும் மெல்ல மெல்லத் தீர்ந்தது. 1986லும் 1988லும் வந்த சட்டங்கள் பெரும்பகுதியைத் தீர்க்க, எஞ்சியதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் முடித்தது. தொழிற்சங்கங்களின் பேரமும், கடலுக்கு அப்பாலிருந்து வந்த நெருக்கடியும், யுத்த காலத்து அரசியல் சௌகரியமும் சேர்ந்து விளைவித்த காரியத்துக்கு ஒரு பாதிரியாரின் பெயரைச் சூட்டினால் அவரே முதலில் ஆட்சேபித்திருப்பார் என நினைக்கிறேன். அவரோ அதற்குள் அடுத்த கணக்கைத் திறந்திருந்தார். 1992இல் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகம் 22 கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, தனியார்மயத்தினால் லயத்துக்காரனுக்கு விளைவது என்ன என்று விசாரித்து எழுதினார். அறுபது ஆண்டுகால எழுத்துகளிலிருந்து தெரிந்தெடுத்த நூலொன்று 2005ஆம் ஆண்டுவரையான கட்டுரைகளோடு வெளிவந்தது. அதன் தலைப்பே புதிய சமுதாயத்துக்குப் புதிய கலாசாரம் ஒன்றைக் கேட்பது.

சட்டத்தின்படி இன்று லயத்துக்காரன் பிரஜை, வாக்காளன். காணி மட்டும் இன்னும் பெரும்பாலும் அவனுடையதன்று. 7 பேர்ச் நிலத்தில் தனிவீடு என்ற திட்டம் சில தோட்டங்களை எட்டியிருக்கிறது. எட்டாத தோட்டங்கள் அதிகம். கலஹா வீதியில் கீழ்நோக்கிச் செல்லும் காலை பஸ்ஸில், கொழுந்துக் கூடையை இறக்காத ஒரு தாயின் மகள் பேராதனை விரிவுரைக்குப் போவது இப்போது அதிசயமான காட்சியல்ல. அவளுக்குச் சர்வகலாசாலை எழுதுகிற கடிதத்தின் உறையில் வீதியின் பெயர் இராது, வீட்டிலக்கம் இராது. பெயரும், மேற்கணக்கோ பணியகணக்கோ ஒரு பிரிவும், தோட்டத்தின் பெயரும் இருக்கும். அது முதலில் தோட்டத்துக் கந்தோரில் போய் இறங்கும். அங்கிருந்து, வருகிறவர் போகிறவர் கையில், லயத்துக்கு வந்து சேரும்.